கொங்கு நாட்டுப் பாட்டுத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் வட்டாரத்தில் தனிப்பாடல் எடுத்து யூடியூபிலும் ரீல்ஸிலும் வெளியிடுகிற சேனல் உரிமையாளர்கள், ஆடியோ கம்பெனிக்காரர்கள், நோம்பிக்கு நோம்பி, அதாவது திருவிழாவுக்குத் திருவிழா, பாட்டுக்குப் பணம் போடுகிற பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

ஈரோட்டில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்துகிறேன். உங்களில் பலர் என் இடத்தில் உட்கார்ந்து டேக் ஓகே சொன்னவர்கள்தான். நீங்கள் போடும் பணத்தில்தான் என் வாடகையும் கரண்ட் பில்லும் ஓடுகின்றன. பாட்டுக்கு ஆகிற செலவு எனக்குத் தெரியும்: ட்ரோன் கேமரா, டான்ஸ் ஆடுகிற பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் துணி, லொகேஷன் வாடகை, எடிட்டிங், அத்தனைக்கும் மேலே வெளியிட்ட அன்றைக்கு விளம்பரச் செலவு. போட்ட காசு திரும்பாமல் அடுத்த பாட்டுக்குக் கடன் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தின் உரிமையில் கேட்கிறேன். பாடுகிற பிள்ளைகளோடு நீங்கள் போடும் ஒப்பந்தத்தை மாற்றி எழுதுங்கள். எந்தப் பாட்டு, எந்தத் தாளத்தில், எந்த வடிவத்தில் வெளியே போக வேண்டும் என்ற கடைசி முடிவு பாடுகிறவரிடம் இருக்கட்டும். ஒரு காலக்கெடு முடிந்ததும் பாட்டு அவரிடமே திரும்பட்டும்.

இதை எழுத வைத்தது ஒரே ஒரு பதிவு. பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். கல்லூரி முடித்தவள், வள்ளி-முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மியில் வளர்ந்த குரல். பாட்டை அவளே எழுதி மெட்டும் போட்டிருந்தாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்றே வயதைக் கழித்த அம்மாவைப் பற்றிய பாட்டு. உடுக்கை ஒன்று, கீழே சுருதி, வேறெதுவும் வேண்டாம் என்றாள். துணியில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடித் தேடி அம்மாவின் கண் மங்கிப்போனதைச் சொல்லும் இடத்தில் ஒரு கணம் மூச்சைப் பிடித்து நிறுத்தினாள். அந்த இடைவெளியில் உடுக்கையின் இடுப்புக் கயிறு இறுகுகிற சத்தம் மட்டும் மைக்கில் விழுந்தது. ஒலிப்பதிவு தெரிந்த யாரும் அந்த இடத்தை வெட்ட மாட்டார்கள்.

பணம் போட்டவர் கேட்டார். "நல்லாத்தான் இருக்குது கண்ணு, ஆனா நோம்பிக்கு இது ஓடாது. ஜமாப் அடி போட்டுக்கலாம்" என்றார். ஜமாப் என்றால் நோம்பி ஆட்டத்துக்கு அடிக்கிற வேகமான மேள அடி. வேகம் ஏறியது. அம்மாவைப் பற்றிய வரிகள் போய் அத்தை மகனைப் பற்றிய வரிகள் வந்தன. மூச்சு நின்ற இடத்தில் தவிலும் பம்பையும் புகுந்தன. பாட்டு நன்றாகவே ஓடியது, பேசிய தொகையையும் அவர் தவறாமல் கொடுத்தார். நேர்மையான மனிதர்; அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் முத்திரைத் தாளில் இருந்த வாசகம் இப்படி: அன்றைய தினம் பதிவான எல்லாக் குரலும் எல்லா ஒலியும் தயாரிப்பாளருக்கே சொந்தம், நிரந்தரமாக, உலகம் முழுவதும், இன்று உள்ளதும் இனிமேல் வரப்போவதுமான எல்லா ஊடகங்களிலும். உடுக்கையோடு பாடிய முதல் வடிவம் இன்னும் என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. "அண்ணா, அந்த மொதல் பாட்டெ என் போன்லயாவது வெச்சுக்கலாமுங்களா?" என்று அவள் கேட்டபோது, எழுதியவளும் மெட்டுப் போட்டவளும் பாடியவளும் அவளே என்றிருக்க, சரி என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

அந்தப் பாட்டுக்குப் பணம் போட்ட அண்ணா இதைப் படித்தால் அவரிடம் ஒரு வேண்டுகோள். முதல் வடிவத்தை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் வெளியிட்ட பாட்டுக்கு அதனால் ஒரு குறையும் வராது. இரண்டும் வேறு வேறு பாட்டு என்று கேட்ட யாருக்கும் தெரியும்.

இனி எல்லோரிடமும் பேச வேண்டியது. பாடகர் கையில் முடிவைக் கொடுத்தால் போட்ட பணம் மண்ணாகிவிடும் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. அந்தப் பயத்துக்குப் பதிலாக இரண்டு பாடகர்களின் கதையைச் சொல்கிறேன். இருவரும் நம் ஊர்க்காரர்கள் இல்லை. ஆனால் ஒப்பந்தத் தாளின் குணம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

லண்டனில் ரே என்றொரு பாடகி. 1997-ல் பிறந்தவர். 2014-ல், பதினேழு வயதை ஒட்டி, பாலிடார் என்ற பெரிய நிறுவனத்தோடு நான்கு ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் போட்டார். ஏழு வருடம் ஓடியது. முழு ஆல்பம் ஒன்றுகூட வெளிவரவில்லை. தனிப்பாடல்கள் வந்தன, குறும்தொகுப்புகள் வந்தன, டிஜேக்களின் ஆட்டப் பாட்டுகளில் அவர் குரல் வந்தது. பியான்சே போன்ற பெரிய பாடகிகளுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார். தன் ஆல்பத்துக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த தனிப்பாடல் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். 2021 ஜூன் மாதம் அவர் ட்விட்டரில் இதையெல்லாம் வெளிப்படையாக எழுதினார். எழுதிய பாட்டுகள் கோப்புகளில் தூசி படிந்து கிடப்பதைச் சொல்லி அழுதார். அடுத்த மாதம் நிறுவனத்திலிருந்து விலகினார்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல், 2022 அக்டோபரில் ஒரு பாட்டு வெளியிட்டார். சுமார் நான்கரை நிமிடம். இன்றைக்கு நம் ஊரில் யாரும் நான்கரை நிமிடப் பாட்டுக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ரீல்ஸுக்கு எந்த முப்பது நொடி என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் பாட்டு 2023 ஜனவரியில் பிரிட்டனின் முதலிடத்துக்குப் போனது. பிப்ரவரி 3 அன்று அவருடைய முதல் ஆல்பம் வந்தது: ‘மை 21ஸ்ட் செஞ்சுரி ப்ளூஸ்’.

அதை ஹெட்போனில் முழுதாகக் கேளுங்கள் என்று உங்களைக் கெஞ்சுவேன். பதினைந்து உருப்படி, ஒவ்வொரு தலைப்பின் முடிவிலும் ஒரு முற்றுப்புள்ளி. ஒரு பழைய இசைக்கூடத்தில் பாடகியை மேடைக்கு அழைக்கும் குரலோடு தொடங்கும், கடைசி உருப்படியில் நன்றி சொல்லி முடியும். நடுவில் ஜாஸ் இருக்கிறது, ப்ளூஸ் இருக்கிறது, ராப் இருக்கிறது, ஆட்டத்துக்கான அடியும் இருக்கிறது. ஒரே வகையில் நில் என்று சொல்ல யாரும் பக்கத்தில் இல்லாததால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போகிறார். இசைத்துறை ஆண் ஒருவன் தனக்குச் செய்த பாலியல் கொடுமையைப் பற்றி ஒரு பாட்டு. தன் உடம்பைக் கண்ணாடியில் பார்க்கவே பிடிக்காமல் போனதைப் பற்றி ஒரு பாட்டு. சுற்றுச்சூழல் கெடுவதைப் பற்றிய அச்சம் ஒரு பாட்டு. தன்னைத் தடுத்து வைத்த தொழிலுக்கு நேருக்கு நேர் ஒரு பாட்டு. பாலியல் கொடுமையைப் பற்றிய பாட்டில் வாத்தியம் அடங்கிப் போகும், குரல் மைக்குக்கு மிக நெருக்கத்தில் இருக்கும். ஒலிப்பதிவுக்காரனாகச் சொல்கிறேன், அந்த நெருக்கத்தை மிக்ஸில் செய்ய முடியாது. பாடுகிறவர் தானே முடிவெடுத்து அந்த இடத்தில் நின்றால்தான் வரும். மார்க்கெட்டிங் கூட்டத்தில் வைத்திருந்தால் இந்தப் பாட்டுகளில் பாதி முதல் நாளே தள்ளுபடியாகியிருக்கும்.

2024 மார்ச் 2 அன்று நடந்த, பிரிட்டனின் பெரிய இசை விருதான பிரிட் விருது விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட ஆறு விருதுகளை ஒரே இரவில் வாங்கினார். அதற்கு முன் அங்கே யாரும் ஒரே இரவில் ஆறு வாங்கியதில்லை. பாட்டியைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்து நின்று அழுதார். அந்த ஆறில் ஒன்றிலாவது பழைய நிறுவனத்துக்குப் பங்கு இருந்திருக்கலாம். ஏழு வருடம் கையில் வைத்திருந்தும் அவரை நம்பாததால் இழந்தது அவர்கள்தான்.

இரண்டாவது கதை உங்களுக்கு இன்னும் பயன்படும். அதில் நிறுவனமும் பிழைத்தது. அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் 1961-ல், பதினோரு வயதுப் பிள்ளையாக, மோட்டவுன் என்ற இசை நிறுவனத்தில் சேர்ந்தார். என்ன பாட வேண்டும் என்பதை நிறுவனமே தீர்மானித்தது. 1971 மே மாதம் இருபத்தொரு வயது நிறைந்தபோது ஒப்பந்தம் முடிந்தது. உடனே புதுப்பிக்காமல் நியூயார்க் போய், தன் சொந்தப் பணத்தில் ஸ்டுடியோ எடுத்து, ஒரு அறையையே அடைத்து நின்ற டோண்டோ என்ற சிந்தசைசரை, அதாவது மின்னணு இசைக்கருவியை, கட்டியெழுப்பிய இரண்டு பொறியாளர்களோடு இரவு பகலாகப் பதிவு செய்தார். கையில் பாட்டுகளை வைத்துக்கொண்டு பேரம் பேசினார். தன் பாட்டுகளின் உரிமையைக் கவனிக்கத் தன் சொந்தப் பதிப்பு நிறுவனம், ஆல்பத்தில் என்ன வரும் என்பதில் தானே முடிவு. மோட்டவுன் ஒப்புக்கொண்டது. 1972 மார்ச்சில் ‘மியூசிக் ஆஃப் மை மைண்ட்’ வந்தது. ஒரு பாட்டில் ட்ரோம்போன், இன்னொன்றில் கிட்டார், இந்த இரண்டும் தவிர வாத்தியம் எல்லாம் அவரே வாசித்தது.

அதற்குப் பின் வந்த ஆல்பங்கள் 1974, 1975, 1977 ஆகிய மூன்று வருடங்களில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கின. நடுவில் 1976-ல் பாடகர் பால் சைமனுக்கு அந்த விருது கிடைத்தபோது, இந்த வருடம் ஆல்பம் வெளியிடாமல் இருந்ததற்காக ஸ்டீவி வொண்டருக்கு மேடையிலேயே நன்றி சொன்னார். இந்த ஆல்பங்கள் அத்தனையும் மோட்டவுன் வழியாகத்தான் விற்றன. கையை விட்டதால் அவர்கள் கெட்டுப்போகவில்லை. பணம் வந்தது, பேரும் வந்தது.

வெளிநாட்டுக் கதை நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். கொடுமுடிக்குப் போங்கள். 1908-ல் அங்கே பிறந்த கே. பி. சுந்தராம்பாள், சின்ன வயதில் ரயிலில் பாடிப் பிழைத்தவர். கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933-ல் இறந்த பிறகு எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். சினிமாவுக்கு அழைத்தபோது அந்த உறுதியை விடவில்லை. 1935-ல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராக அவரே ஆண் வேடம் போட்டார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய், அந்தக் காலத்தில். என்ன பாடுவது, யாரோடு நிற்பது, என்ன விலை என்பதையெல்லாம் கொடுமுடிப் பெண் ஒருவர் தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் தானே சொல்லி வாங்கியிருக்கிறார். அவர் குரலைப் பெருமையாகப் பேசும் நாம் அவர் போட்ட நிபந்தனைகளையும் சேர்த்துப் பேச வேண்டும்.

வள்ளி கும்மியைப் பாருங்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த ஆட்டத்தில் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் காரமடைப் பக்கத்துப் பத்ரப்பன் ஐயா. 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்றைக்கு மாசி, பங்குனி மாதங்களில் எந்த ஊர் மைதானத்தில் அரங்கேற்றம் நடந்தாலும் நூற்றுக்கணக்கில் பெண்கள் ஒரே நிறச் சேலையில் வளையம் கட்டி ஆடுகிறார்கள். இந்தப் பெண்களிடமிருந்துதான் உங்களுக்குப் பாடகிகள் வருகிறார்கள். பழைய கட்டைத் தாண்டி மைதானத்துக்கு வந்தவர்களை ஒரு முத்திரைத் தாளில் மறுபடி கட்டிப்போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. நம் கோவை ஹிப்ஹாப் தமிழா ஆதி 2012-ல் தமிழ் ஹிப்ஹாப் ஆல்பம் கொண்டுவந்தபோது அதற்குச் சந்தை இருக்கிறது என்று யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. செய்த பிறகுதான் சந்தை வந்தது.

இங்கே விசைத்தறி ஓடாத ஊர் குறைவு என்பதால் இதை உங்களுக்குப் புரியும்படி சொல்லலாம். கூலி நெசவில் பாவும் ஊடையும் கொடுத்தவர் துணியை எடுத்துப் போகிறார், நெய்தவருக்குக் கூலி. நூல் அவருடையது என்பதால் அது நியாயம். பாட்டில் நூலே பாடுகிறவருடையது. நீங்கள் கொடுப்பது தறிக்கும் கரண்டுக்கும் கடைக்குமான பணம். அதற்கு லாபம் எடுங்கள், வேண்டிய மட்டும் எடுங்கள். துணியோடு சேர்த்து நூல் மில்லையும் எழுதி வாங்குவதுதான் இப்போது நடக்கிறது.

சட்டமும் உங்கள் தாளில் இருக்கிற அளவுக்குக் கடுமையாக இல்லை. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தை 2012-ல் திருத்தினார்கள். ஒப்பந்தத்தில் காலம் குறிக்கவில்லை என்றால் ஐந்து வருடம் என்றே கணக்கு. இடம் குறிக்கவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அந்த உரிமை காலாவதியாகும். ஒப்பந்தம் போட்ட நாளில் புழக்கத்துக்கே வராத ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் ‘இனி வரப்போகும் எல்லாம்’ என்று மொத்தமாக எழுதி வாங்கியது நிற்காது. செயற்கை நுண்ணறிவில் குரலை நகலெடுக்கிற இந்தக் காலத்தில் இந்த ஒரு வரி எவ்வளவு பெரிது என்று யோசியுங்கள்.

இன்னும் முக்கியமானது ஒன்று. பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டி உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது. உரிமை வாங்கியவரோடு சரிபாதிப் பங்கு என்பது சட்டம். விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்து இருந்தாலும் அது செல்லாது. வாரிசுகளுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே அதைக் கொடுக்கலாம். 1969-லிருந்து இருக்கிற ஐபிஆர்எஸ், எழுதியவர்களுக்கும் மெட்டுப் போட்டவர்களுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கிற அப்படி ஒரு சங்கம். பாடியவருக்கும், அவர் பாடியதை வியாபாரமாகப் பயன்படுத்தினால் ராயல்டி உண்டு. தன் பெயர் வர வேண்டும் என்று கேட்கவும், தன் பேருக்குக் கெடுதல் வரும்படி பாட்டைச் சிதைத்தால் தடுக்கவும் அவருக்குத் தனி உரிமை இருக்கிறது. நம் வட்டாரத்தில் பாட்டுப் போடுகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. தெரியாதவரிடம் கையெழுத்து வாங்குவது தொழில் தர்மமில்லை.

தனியாக நிற்பதாகச் சொல்லிக்கொண்டால் மட்டும் போதாது என்பதற்கும் நம் தமிழிலேயே சாட்சி இருக்கிறது. தனிக் கலைஞர்களுக்கான தளமொன்றில் 2021-ல் வந்து உலகம் முழுதும் ஒலித்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டிலிருந்து தங்களுக்குப் பணமே வரவில்லை என்று 2024 மார்ச்சில் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அத்தனை பெரிய பாட்டுக்கே அந்த நிலை என்றால், பெருந்துறையிலும் காங்கேயத்திலும் பாடுகிற பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்? தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஊர்ப் பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது எனக்கு இன்னும் அதிகம் வலிக்கிறது. கோயில் திருவிழாவில் பெண்கள் பாடிய கும்மியை அந்த ஊர்ப் பையன் ஒருவன் போனில் எடுத்து யூடியூபில் ஏற்றினான். அதே மெட்டை எடுத்து ஒரு சேனல் ஏற்கெனவே வெளியிட்டிருந்ததால் பையனின் வீடியோவுக்கு உரிமைக் கோரிக்கை வந்தது. வருமானம் சேனலுக்குப் போகும் என்றார்கள். அம்மாயியும் அப்பத்தாவும் பாடிப் பாடி நமக்குக் கொடுத்த மெட்டு அது. உடுக்கடித்து நம் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையைப் பாடுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக யாரிடமும் உரிமைத் தாள் கேட்டதில்லை. பொது மெட்டில் நீங்கள் செய்த பதிவு உங்களுடையது, ஒப்புக்கொள்கிறேன். மெட்டு உங்களுடையது இல்லை. இப்படிக் கோரிக்கை போயிருந்தால் இன்றைக்கே விலக்கிக்கொள்ளுங்கள். யூடியூபில் அதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு.

ஒப்பந்தத்தில் என்ன எழுதச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். பாட்டுக்கு ஆன செலவைக் கணக்கு காட்டி முதலில் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வருவதைப் பாதிப் பாதி பிரியுங்கள். யூடியூப் வருமானம், காலர் டியூன், ஸ்பாட்டிஃபை, சினிமாவுக்குக் கொடுத்தால் வருகிற தொகை, எல்லாமே அந்தக் கணக்கில் வரட்டும். வருமான அறிக்கையைப் பாடகர் கேட்டால் காட்ட வேண்டும் என்று ஒரு வரி இருக்கட்டும். ஐந்து வருடம் நீங்கள் வைத்துக்கொண்டு பிறகு பாட்டைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு பாட்டு சம்பாதிக்க வேண்டியதில் பெரும்பங்கை முதல் இரண்டு வருடத்திலேயே சம்பாதித்துவிடுகிறது என்பது உங்களுக்கே தெரியும். வெளியிடாமல் விட்ட பதிவுகள் ஒரு வருடத்தில் பாடியவரிடம் போகட்டும். அந்தக் குரலை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்து வேறு பாட்டு செய்வதென்றால் தனியாக எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், தனியாகப் பணமும் கொடுங்கள்.

முடிவு யாருடையது என்பதில்தான் உங்களில் பலர் முறுக்கிக்கொள்வீர்கள். பணம் போடுகிறவனுக்குப் பேச்சே இல்லையா என்று கேட்பீர்கள். பேச்சு உண்டு, நிறையவே உண்டு. எந்த மாதம் வெளியிடுவது, வீடியோவுக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு, எல்லாம் உங்கள் கையில். ஜமாப் அடி வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள், பாடகர் ஒப்புக்கொண்டால் போடலாம். எத்தனையோ பாட்டு அந்த அடியால் உயிர் பெற்றிருக்கிறது, எனக்கும் அந்த அடி பிடிக்கும். அவர் வேண்டாம் என்றால் அந்த வேண்டாமுக்கு மதிப்பு இருக்க வேண்டும். ஒரு வழி சொல்கிறேன். ஒரு பிள்ளையோடு நான்கு பாட்டுக்கு ஒப்பந்தம் போட்டால், அதில் ஒன்றையாவது முழுக்க அவர் விருப்பத்துக்கு விடுங்கள். ரீல்ஸ் கணக்கோ நோம்பிக் கணக்கோ அதில் நுழைய வேண்டாம். அந்தப் பாட்டைப் பதிவு செய்ய என் ஸ்டுடியோவில் பாதி வாடகை மட்டும் வாங்குகிறேன், மிக்ஸிங்கை நானே உட்கார்ந்து செய்து தருகிறேன். எழுத்திலேயே சொல்லிவிட்டேன், கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பாடுகிற தம்பி தங்கைகளும் இதைப் படிப்பீர்கள் என்பதால் உங்களுக்கும் ஒரு சொல். வீட்டில் அப்பாவோ அண்ணனோ பக்கத்தில் இருந்தாலும் தாளை அங்கேயே படித்து அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நகல் வாங்கி வீட்டுக்குக் கொண்டு போங்கள். வக்கீலிடம் காட்டுங்கள். ‘நிரந்தரம்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் ஒரு வருடக் கணக்கு கேளுங்கள். கேட்டதற்காக வாய்ப்புப் போகும் என்று யாராவது மிரட்டினால் என் ஸ்டுடியோவுக்கு வாருங்கள், சேர்ந்து பேசலாம்.

மேலே சொன்னதையெல்லாம் தமிழில், இரண்டு பக்கத்துக்குள், மாதிரி ஒப்பந்தமாக எழுதி வைத்திருக்கிறேன். பதிப்புரிமை தெரிந்த வக்கீல் ஒருவர் படித்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார். ஆடி நோம்பிப் பாட்டுகளுக்கு நீங்கள் பிள்ளைகளைத் தேடுகிற நேரம் இது. ஒப்பந்தம் போடுவதற்கு முன் ஸ்டுடியோவுக்கு ஒரு நடை வாருங்கள், இல்லாவிட்டால் வாட்ஸப்பில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். எந்த வரி உங்களுக்கு ஒத்துவரவில்லையோ அதில் பேனாவால் கோடு போட்டு, ஏன் என்று பக்கத்தில் எழுதித் திருப்பிக் கொடுங்கள். பாடுகிறவர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பேசலாமுங்க.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஓர் ஒலிப்பதிவாளர்